வாயில்லாச் சாட்சி

1844ஆம் ஆண்டு ஜூலைத் திங்களின் முதல் நாள், லண்டன் நீதிமன்றம் ஒன்றில் விந்தையானதொரு வழக்கு விசாரணைக்கு வந்தது. இரு தரப்பு வழக்கறிஞர்களும் வாதிட்டனர். சாட்சிகள் ஒருவர்பின் ஒருவராகக் கூண்டில் ஏறினர். ஆல்டர்சன் என்னும் நீதிபதி அனைத்தையும் கேட்டுவிட்டு, இத்தனை பேர் சொல்வதைக் கேட்பதைவிட வழக்கிற்குரிய குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துங்கள் என்றார். குதிரை வாய் திறந்து பேசப்போவதில்லை. ஆயினும் அதன் வாயைத் திறந்து பார்த்தால் போதும். வழக்கு அந்த நொடியே முடிந்துவிடும். வாயில்லாப் பிராணி என்று நாம் இரக்கத்தோடு குறிப்பிடும் ஓர் உயிரின் வாயே அன்று நீதிக்குத் தேவைப்பட்டது.

குதிரை வரவில்லை. யாரோ அதனை இரவோடிரவாக மறைத்துவிட்டனர். மறுநாள் வழக்குத் தொடுத்தவர் தம் வழக்கைக் கைவிட்டார்.

நடந்தது இதுதான். லண்டனுக்கு அருகில் உள்ள எப்சம் திடலில் 1780ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்று வரும் டெர்பி ஓட்டம், உலகக் குதிரைப் பந்தயங்களுக்கெல்லாம் தாய் போன்றது. மூன்று வயதுக் குதிரைகள் மட்டுமே அதில் ஓடலாம். 1844ஆம் ஆண்டு மே மாதத்து டெர்பியில் 'ரன்னிங் ரெய்ன்' என்ற பெயரில் ஓடிய குதிரை முதலிடம் பெற்றது. உண்மையில் அது 'மக்கபீயஸ்' என்னும் நான்கு வயதுக் குதிரை. மூன்று வயதுக்கும் நான்கு வயதுக்கும் இடையில் குதிரையின் உடல் வலிமையில் பெரும் வேறுபாடு உண்டு. பத்து வயதுச் சிறுவர்களோடு பதினான்கு வயது இளைஞனை ஓடவிட்டது போன்ற சூழ்ச்சி அது. குட்மன் லெவி என்னும் சூதாடி அதனைத் திட்டமிட்டார். குதிரையின் உரிமையாளராக வழக்கில் நின்ற உட் என்னும் தானிய வணிகருக்குச் சூழ்ச்சி முழுவதும் தெரிந்திருந்ததாகத் தோன்றவில்லை. இரண்டாவதாக வந்த 'ஆர்லாண்டோ' என்னும் குதிரைக்கு உரியவர், அந்நாள் பிரதமர் இராபர்ட் பீலின் உடன்பிறப்பான கர்னல் பீல். ஏமாற்று வெளிப்பட்டதும் பரிசு அவருக்கே சென்றது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கலாகாது என்பது தமிழர் மொழி. பந்தயக் குதிரையைப் பல்லைப் பிடித்துத்தான் பார்க்க வேண்டும். இரண்டரை வயதளவில் குதிரையின் நடு முன்பற்கள் இரண்டும் விழுந்து நிலைப்பற்கள் முளைக்கின்றன. மூன்றரை வயதில் அவற்றிற்கு அடுத்த இணையும், நான்கரை வயதில் ஓரத்து இணையும் மாறுகின்றன. ஆகவே, நான்கு வயதுக் குதிரையின் வாயில் எழுதப்பட்டிருக்கும் உண்மையை எந்தச் சூதாடியாலும் அழிக்க இயலாது. குதிரையையே அழிக்கலாம், அல்லது மறைக்கலாம்.

அதே ஓட்டத்தில் 'லியாண்டர்' என்ற மற்றொரு குதிரையும் ஓடியது. ஓட்டத்தின் நடுவே ரன்னிங் ரெய்னின் குளம்பு பட்டு அதன் கால் முறிந்தது, சுட்டுக் கொன்றார்கள். பின்னர் அதன் தாடையெலும்பை ஆராய்ந்தபோது அதுவும் நான்கு வயதுக் குதிரை எனத் தெரிந்தது! அந்த டெர்பியைப் பற்றி எழுதியவர்களெல்லாம் லியாண்டரின் தாடையைப் பற்றி விரிவாக எழுதியுள்ளனர். முறிந்த காலைப் பற்றிய பேச்சு ஒரு வரியோடு நின்றுவிடுகிறது. குதிரைப் பந்தயத்தின் நெடிய வரலாற்றைப் படிப்போர் இந்தத் தாடையையும் இந்தக் காலையும் நினைவில் நிறுத்திக்கொள்வது நன்று. பந்தயத்தில் எழுந்த பூசல்களில் மிகப் பல, பணம் கட்டியவன் ஏமாற்றப்பட்டானா என்னும் கேள்வியிலிருந்தே பிறந்தன. ஓடிய உயிருக்கு என்ன நேர்ந்தது என்னும் கேள்வி மிகத் தாமதமாகவே எழுந்தது.

இதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் நடந்த இன்னொரு நிகழ்ச்சி இதனினும் கொடியது. நியூமார்க்கெட் என்னும் ஊர் ஆங்கிலேயப் பந்தயத்தின் தலைநகர். 1811ஆம் ஆண்டு அவ்வூரில் குதிரைகள் நீர் பருகும் தொட்டியில் ஒருவன் நஞ்சைக் கலந்தான். வெல்லும் என்று பலர் பணம் கட்டியிருந்த குதிரைகளை ஓடவிடாமல் தடுப்பதே நோக்கம். நீரைப் பருகிய குதிரைகள் சில துடித்து மாண்டன. டேனியல் டாசன் என்னும் அக்குற்றவாளி பிடிபட்டு, 1812ஆம் ஆண்டு கேம்பிரிட்ஜில் தூக்கிலிடப்பட்டான். அவனை ஏவிவிட்ட செல்வர்கள் தப்பினர் என்பது அக்காலத்தார் பலரின் எண்ணம். குதிரைக்கு இழைத்த கொடுமைக்காக ஒரு மனிதனுக்குத் தூக்குத் தண்டனையா என்று வியக்கத் தோன்றும். அவ்வாறு வியக்க வேண்டியதில்லை. பிறர் உடைமையான கால்நடையைக் கொடுமனத்தோடு கொல்வது அந்நாட் சட்டப்படி மரண தண்டனைக்குரிய குற்றம். அவன் சிதைத்தது பிரபுக்களின் சொத்து. தன் குதிரையைத் தானே அடித்துக் கொன்றிருந்தால் அவனைக் கேட்பதற்கு 1812இல் சட்டம் ஏதும் இல்லை.

அத்தகைய சட்டம் 1822இல் வந்தது. ரிச்சர்டு மார்ட்டின் என்னும் அயர்லாந்து உறுப்பினரின் முயற்சியால் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் குதிரை, மாடு, ஆடு முதலியவற்றைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கியது. அடுத்து 1824இல் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் லண்டன் காப்பிக்கடை ஒன்றில் கூடித் தோன்றியது. மார்ட்டின் போற்றுதற்குரியவர், ஐயமில்லை. எனினும் அச்சட்டத்தின் கைக்கு முதலில் அகப்பட்டவர்கள் வண்டியோட்டிகளும், சந்தைக்கு மாடு ஓட்டிச் சென்ற ஏழைகளுமே. பந்தயத் திடலின் வேலிக்குள் அது எளிதில் நுழையவில்லை. வண்டிக்காரனின் சாட்டை கொடுமை எனப்பட்டது. திடலில் வீசப்பட்ட சாட்டை விளையாட்டு எனப்பட்டது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்றுநர்கள் சிலர் இங்கிலாந்துக்கு வந்து சேர்ந்தனர். அவர்கள் மலிவாக வாங்கிய சோம்பேறிக் குதிரைகள் திடீரெனப் பேய் பிடித்தவை போல ஓடி வென்றன. கொக்கேயின் முதலிய மருந்துகளின் வேலை அது. அக்காலத்தில் அது விதிமீறலே அன்று! ஜார்ஜ் லாம்டன் என்னும் ஆங்கிலப் பயிற்றுநர் இதனைப் பொறாது ஒரு வழி கண்டார். அவருடைய தமையனார் டர்ஹம் பிரபு பந்தயத்தை ஆளும் ஜாக்கி கிளப்பில் செல்வாக்குடையவர். லாம்டன் தமையனாரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டு, தம் லாயத்தில் எதற்கும் உதவாத குதிரைகள் சிலவற்றைத் தேர்ந்து அவற்றிற்கு மருந்தைக் கொடுத்து ஓடவிட்டார். தாம் அவற்றின் மேல் பணம் கட்டவில்லை. உதவாக்கரைகள் ஒன்றன்பின் ஒன்றாக வென்றன. இதற்கு மேலும் சான்று வேண்டுமா? 1903இல் ஜாக்கி கிளப் ஊக்கமருந்தைத் தடை செய்தது.

மருந்துண்ட குதிரைகளின் கண்கள் பிதுங்கியிருந்ததையும், மேனியெங்கும் வியர்வை ஆறாக ஓடியதையும் லாம்டன் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். அவர் கண்ணுக்குக் குதிரையின் துன்பம் தெரிந்தே இருந்தது. ஆயினும் ஜாக்கி கிளப்பை அசைத்தது அத்துன்பமன்று. எந்தக் குதிரை எப்படி ஓடும் என்று கணிக்க முடியாமற் போனால் பந்தயமே பொருளற்றதாகிவிடும் என்ற அச்சமே. நோக்கம் எதுவாயினும் விளைவு குதிரைக்கும் நன்மையாயிற்று. பணத்தைக் காக்க எழுந்த விதி குதிரையையும் ஓரளவு காத்த விந்தையைப் பந்தய வரலாற்றில் பலமுறை காணலாம்.

அந்த விந்தை எப்போதும் நிகழ்வதில்லை என்பதற்குச் சான்று அமெரிக்காவில் இருக்கிறது. 1968ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் கென்டக்கி டெர்பியில் 'டான்சர்ஸ் இமேஜ்' என்னும் குதிரை எல்லாவற்றிற்கும் பின்னாலிருந்து பாய்ந்து வந்து வென்றது. அதன் உரிமையாளர் பாஸ்டன் நகரத்து வணிகர் பீட்டர் ஃபுல்லர். அதே ஆண்டு ஏப்ரலில் கொலையுண்ட மார்ட்டின் லூதர் கிங்கின் மனைவியாருக்கு, தம் குதிரை முன்னர் வென்ற பரிசுத் தொகையை அளித்தவர் அவர். டெர்பி முடிந்து சோதித்தபோது குதிரையின் சிறுநீரில் ஃபீனைல்பியூட்டசோன் என்னும் மருந்து காணப்பட்டது. முதலிடம் பறிக்கப்பட்டு, இரண்டாவதாக வந்த 'ஃபார்வர்ட் பாஸ்' குதிரைக்குத் தரப்பட்டது. ஃபுல்லர் ஆண்டுக் கணக்கில் வழக்காடித் தோற்றார். கிங் குடும்பத்துக்கு உதவியதற்காகத் தம் மீது யாரோ பழி தீர்த்துக்கொண்டனர் என்றே அவர் பின்னாளில் நம்பினார்.

இந்த வழக்கில் மருந்தின் இயல்பைச் சற்று ஊன்றி நோக்க வேண்டும். ஃபீனைல்பியூட்டசோன் வேகத்தைக் கூட்டுவதன்று. வீக்கத்தையும் வலியையும் தணிப்பது. டான்சர்ஸ் இமேஜின் கணுக்கால்கள் புண்பட்டிருந்தன. ஓட்டத்திற்குச் சில நாள்களுக்கு முன்னர் கால்நடை மருத்துவர் அம்மருந்தைச் செலுத்தியிருந்தார். அது ஓட்டத்தன்றும் உடலில் தங்கியிருக்கலாமா, சோதனை முறையாக நடந்ததா, பரிசுப் பணம் யாருக்கு என்பன பற்றி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதப்பட்டன. வலி என்பது உடல் எழுப்பும் எச்சரிக்கை. நில் என்று சொல்லும் குரல். அக்குரலை மருந்தால் அடக்கிவிட்டு, அரை டன் எடையுள்ள உடலை மணிக்கு அறுபது கிலோமீட்டர் வேகத்தில் புண்பட்ட கால்கள்மேல் ஓடவிடலாமா? அந்த ஆயிரம் பக்கங்களில் இவ்வினாவுக்குக் கிடைத்த இடம் மிகச் சிறிது. இன்னும் வேடிக்கை, வழக்கு முடிந்த சில ஆண்டுகளுக்குள் அதே கென்டக்கி மாநிலம் அம்மருந்தைப் பயன்படுத்த இசைவளித்தது.

குதிரையின் கால் முறிந்தால் ஏன் கொல்ல வேண்டும் என்று மாணவர் கேட்பதுண்டு. முழங்காலுக்குக் கீழே குதிரைக்குத் தசை இல்லை. எலும்பும் நரம்பும் தோலுமே உள்ளன. இரத்த ஓட்டம் குறைவாதலால் முறிவு எளிதில் கூடாது. மனிதனைப் போல அது மாதக்கணக்கில் படுத்துக் கிடக்கவும் இயலாது. முறிந்த காலைத் தூக்கிக்கொண்டு மற்றக் கால்களில் நின்றால், பாரம் தாங்காமல் அக்கால்களின் குளம்புகள் உள்ளே அழன்று சிதைகின்றன. 2006ஆம் ஆண்டு கென்டக்கி டெர்பியில் வென்ற 'பார்பரோ' அடுத்த ஓட்டத்திலேயே கால் முறிந்தது. பெரும் பொருட்செலவில் எட்டுத் திங்கள் மருத்துவம் செய்தனர். முறிந்த கால் ஓரளவு தேறியது. மற்றக் குளம்புகள் கெட்டன. 2007 ஜனவரியில் ஊசி போட்டு அதன் துன்பத்தை முடித்தனர்.

நிலைமையை மாற்றியது சட்டமன்று. தொலைக்காட்சி என்றே சொல்லலாம். 1975ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் நாள், நியூயார்க்கின் பெல்மாண்ட் திடலில் 'ரஃபியன்' என்னும் பெண்குதிரையும் 'ஃபூலிஷ் பிளெஷர்' என்னும் ஆண்குதிரையும் தனித்து மோதின. ரஃபியன் அதுவரை ஓடிய பத்து ஓட்டங்களிலும் வென்றது. அமெரிக்கா முழுவதும் கோடிக்கணக்கானோர் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருக்கையில் அதன் வலது முன்கால் எலும்பு நொறுங்கியது. நொறுங்கிய பின்னரும் அது நிற்க மறுத்து ஓடியது. அன்றிரவு அறுவை மருத்துவம் நடந்தது. மயக்கம் தெளிந்த குதிரை, படுத்த நிலையிலேயே ஓடுவது போலக் கால்களை உதைத்துக்கொண்டு, கட்டிய கட்டையெல்லாம் உடைத்தது. வேறு வழியின்றிக் கொன்றனர். வென்ற திடலிலேயே, கொடிமரத்தருகே அதனைப் புதைத்தனர்.

இங்கிலாந்தில் இம்மாற்றத்தைக் காட்டும் அளவுகோல் ஒரு வேலியும் ஓர் ஓடையும் ஆகும். லிவர்பூல் நகரத்துக்கு அருகே எய்ன்ட்ரீ என்னும் இடத்தில் ஆண்டுதோறும் 'கிராண்ட் நேஷனல்' என்னும் தடைதாண்டும் ஓட்டம் நடைபெறுகிறது. நான்கு மைலுக்கு மேற்பட்ட தொலைவு, முப்பது தடைகள். 1839ஆம் ஆண்டு ஓட்டத்தில் பெக்கர் என்னும் படைத்தலைவர் ஒரு வேலியருகே குதிரையிலிருந்து ஓடைக்குள் விழுந்தார். மற்றக் குதிரைகள் தலைக்கு மேலே தாவிப் போகும்வரை நீருக்குள் பதுங்கியிருந்தார். அவர் பெயரே அந்த ஓடைக்கு நிலைத்துவிட்டது. நகைச்சுவையாகச் சொல்லப்படும் கதை இது. அதே இடத்தில் பின்னர் விழுந்த பல குதிரைகளுக்கு அத்தகைய நற்பேறு வாய்க்கவில்லை.

1954இல் ஒரே ஓட்டத்தில் நான்கு குதிரைகள் மாண்டன. நாடாளுமன்றத்திலும் கண்டனக் குரல் எழுந்தது. 1961இல் வேலிகளின் முன்புறம் சரிவாக்கப்பட்டது. 1989இல் பெக்கர் ஓடையில் மட்டும் இரு குதிரைகள் இறந்தன. அதன்பின் ஓடையைப் பெரிதும் தூர்த்துத் தரையைச் சமன் செய்தனர். 2011இல் மேலும் இரண்டு இறந்தன. இரண்டாம் சுற்றில் வந்த குதிரைகள் இரண்டு வேலிகளைச் சுற்றிக்கொண்டு ஓட வேண்டியதாயிற்று. காரணம், அங்கு உயிரிழந்த குதிரைகள் கிடந்தன. 2012இல் 'சிங்க்ரனைஸ்டு' என்னும் புகழ்பெற்ற குதிரை பெக்கர் ஓடை வேலியில் தன் ஜாக்கியைக் கீழே விட்டது. அது காயமின்றி எழுந்தது. முதுகில் ஆள் இல்லை, சாட்டை இல்லை, கட்டளை இல்லை. ஆயினும் கூட்டத்தோடு ஓடியது. சில வேலிகள் தாண்டியபின் கால் முறிந்து மாண்டது. குதிரை ஓட விரும்பியே ஓடுகிறது என்பார் இதனை எடுத்துக்காட்டுவர். கூட்டத்தைப் பிரிந்து நிற்க அஞ்சும் விலங்கின் இயல்பை மனிதன் பயன்படுத்திக்கொள்கிறான் என்பாரும் இதனையே எடுத்துக்காட்டுவர். இரு சாராருக்கும் இடையே தீர்ப்புச் சொல்லக்கூடிய சாட்சி ஒன்றே ஒன்றுதான், அது பேசாது.

2013 முதல் வேலிகளுக்குள் இருந்த மரச் சட்டங்கள் நீக்கப்பட்டு, வளையக்கூடிய பொருள் வைக்கப்பட்டது. அதன்பின் ஆறு ஆண்டுகள் அவ்வோட்டத்தில் ஒரு குதிரையும் சாகவில்லை. செய்யக்கூடியது இவ்வளவு எளிதாக இருந்தும் அதற்கு நூற்று எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது ஏன்? 2023இல் விலங்குரிமைப் போராட்டக்காரர்கள் திடலுக்குள் புகுந்தனர், ஓட்டம் தாமதமாயிற்று, 118 பேர் கைதாயினர். அன்று முதல் வேலியிலேயே 'ஹில் சிக்ஸ்டீன்' என்னும் குதிரை விழுந்து இறந்தது. போராட்டக்காரர் எழுப்பிய பரபரப்பே காரணம் என்றார் அதன் பயிற்றுநர். ஓட்டமே காரணம் என்றனர் போராட்டக்காரர். அடுத்த ஆண்டு முதல் ஓடும் குதிரைகளின் எண்ணிக்கை நாற்பதிலிருந்து முப்பத்து நான்காகக் குறைந்தது. 2024 ஓட்டத்தில் ஒரு குதிரையும் விழவில்லை.

2025இல் நடந்தது தனித்துக் குறிப்பிடத்தக்கது. 'செலப்ர தாலன்' என்னும் பதின்மூன்று வயதுக் குதிரை, ஓட்டத்தின் இறுதியில் களைத்துச் சரிந்து, சில நாள்களில் இறந்தது. குதிரை இனி இயலாது என்று காட்டிய பின்னரும் ஓட்டத்தைத் தொடர்ந்ததற்காக அதன் ஜாக்கிக்குப் பத்து நாள் தடை விதிக்கப்பட்டது. பத்து நாள் ஓர் உயிருக்கு ஈடாகுமா என்று கேட்கலாம். ஆயினும் அவர் எந்தப் பந்தயக்காரனையும் ஏமாற்றவில்லை. எவர் பரிசையும் பறிக்கவில்லை. குதிரையின் களைப்பைக் காணத் தவறியதே அவர் மீது சாட்டப்பட்ட குற்றம். 1844இல் இப்படியொரு குற்றச்சாட்டை ஆல்டர்சன் முன் கொண்டு சென்றிருந்தால் மன்றமே சிரித்திருக்கும்.

சாட்டையைப் பற்றி நீள எழுதத் தேவையில்லை. நார்வே நாடு 1982இலேயே ஓட்டத்தை விரைவாக்கச் சாட்டை வீசுவதைத் தடுத்துவிட்டது. பிரிட்டன் அடிகளை எண்ணத் தொடங்கியது: 2023 முதல் சமதள ஓட்டத்தில் ஆறு, தடை ஓட்டத்தில் ஏழு. குதிரைத் தோல் தடிப்பானது, அதற்கு வலிக்காது என்பது பழைய வாதம். சிட்னிப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2020இல் மனிதத் தோலையும் குதிரைத் தோலையும் நுண்ணோக்கியில் ஒப்பிட்டு, வலியுணரும் நரம்பு நுனிகளில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்று கண்டனர்.

கலிபோர்னியாவின் சாந்தா அனிதா திடலில் 2018 டிசம்பர் இறுதிக்கும் 2019 ஜூனுக்கும் இடையில் முப்பது குதிரைகள் இறந்தன. அமெரிக்கக் காங்கிரஸ் 2020இல் குதிரைப் பந்தயப் பாதுகாப்புக்கென நாடு தழுவிய சட்டம் இயற்றியதற்கு அச்சாவுகளும், ஊக்கமருந்துக்காக அதே ஆண்டு மார்ச் மாதம் பயிற்றுநர், மருத்துவர் உள்ளிட்ட இருபத்தேழு பேர் மீது தொடுக்கப்பட்ட வழக்குகளும் உடனடிக் காரணங்கள். 2021 கென்டக்கி டெர்பியில் முதலில் வந்த 'மெடினா ஸ்பிரிட்' உடலில் பீட்டாமெத்தசோன் என்னும் மருந்து காணப்பட்டது. டான்சர்ஸ் இமேஜுக்குப் பின் மருந்தின் காரணமாக அப்பட்டத்தை இழந்த இரண்டாம் குதிரை அது. பட்டம் பறிபோனது 2022 பிப்ரவரியில். குதிரை அதற்கு முந்திய டிசம்பரிலேயே பயிற்சி ஓட்டத்தின் முடிவில் சாந்தா அனிதாவில் விழுந்து இறந்துவிட்டது.

பந்தயம் பற்றிய பூசல் தமிழர்க்கும் புதிதன்று. சென்னைக் கிண்டித் திடலில் மாதச் சம்பளத்தை ஒரே பிற்பகலில் தொலைத்துவிட்டு வீடு திரும்பியவர்களின் கதையைத் தமிழ்ப் படங்களும் கதைகளும் ஓயாமல் சொல்லியிருக்கின்றன. 1974இல் தி.மு.க. அரசு குதிரைப் பந்தயத்தை ஒழிக்கச் சட்டம் இயற்றியது. பந்தயக் கழகம் நீதிமன்றம் சென்றது. உச்ச நீதிமன்றத் தடையாணையால் ஓட்டங்கள் தொடர்ந்தன. பின்னர் 1986இல் கழகத்தையே அரசுடைமையாக்கச் சட்டம் வந்தது. இறுதியில் 1996ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரைப் பந்தயம் வெறும் வாய்ப்பால் நடப்பதன்று, திறமையால் நடப்பது, ஆகவே சூதாட்டம் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். குதிரையின் பிறவி ஆற்றல், அதற்கு அளித்த பயிற்சி, ஜாக்கியின் திறன் ஆகியவையே வெற்றியைத் தீர்மானிக்கின்றன என்று நீதிமன்றம் கண்டது. குதிரையின் ஆற்றல் மனிதனின் பந்தயத்துக்குச் சட்டப் பாதுகாப்பாயிற்று! ஒழிக்க முனைந்தவர்கள் ஏழைக் குடும்பங்களை எண்ணினர்; அது நல்லெண்ணமே. காக்க முனைந்தவர்கள் தங்கள் உரிமையை எண்ணினர். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நடந்த அவ்வழக்கில் குதிரை எத்தரப்பிலும் இல்லை.

இத்தனைக்கும் அதே சென்னை நகரந்தான் இந்திய விலங்கு நலச் சட்டத்துக்கு வித்திட்டது. மாநிலங்களவை உறுப்பினராயிருந்த ருக்மிணி தேவி அருண்டேல் 1950களில் கொண்டுவந்த தனி மசோதாவின் விளைவாகவே விலங்குவதைத் தடுப்புச் சட்டம் 1960இல் பிறந்தது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. வாரியத்தின் அலுவலகம் சென்னையிலேயே பல்லாண்டுகள் இயங்கியது. திருவான்மியூர்க் கலாசேத்திரத்துக்கும் கிண்டித் திடலுக்கும் இடையே சில கிலோமீட்டர்தான். வழக்குமன்றத்தில் அத்தொலைவு மிக நீண்டுவிட்டது.

சிங்கப்பூரில் தேக்காவுக்குப் பக்கத்தில் ரேஸ் கோர்ஸ் ரோடு என்னும் தெருவுக்கு ஏன் அப்பெயர் வந்தது என்பதை இன்றைய இளையர் பலர் அறியார். அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் 1843 முதல் 1933 வரை குதிரைகள் ஓடின. பின்னர் புக்கிட் தீமாவிலும், அதன்பின் கிராஞ்சியிலும் ஓடின. 2024 அக்டோபர் 5ஆம் நாள் கிராஞ்சியில் இறுதி ஓட்டம் நடந்து, 180 ஆண்டு வரலாறு முடிவுற்றது. நூற்றிருபது ஹெக்டருக்கு மேற்பட்ட நிலம் வீடமைப்பு முதலியவற்றுக்காக அரசிடம் திரும்புகிறது. முடிவை அறிவித்தபோது எழுந்த பேச்சில் பெரும்பகுதி நிலத்தைப் பற்றியும், வேலையிழப்போரைப் பற்றியும் இருந்தது, அது இயல்பே. எனினும் லாயங்களில் நின்ற குதிரைகள் எங்குச் செல்லும் என்ற கேள்வியும் கூடவே எழுந்தது. அவற்றை வெளிநாடுகளுக்கு அனுப்ப உரிமையாளர்களுக்கு உதவி அறிவிக்கப்பட்டது. மலேசிய லாயங்களுக்குச் சில வந்து சேர்ந்தன.

ஓய்வுபெற்ற குதிரை எங்குச் செல்லும் என்ற கேள்வியை உலகின் காதில் போட்டது 'ஃபெர்டினாண்ட்' என்னும் குதிரையின் கதை. 1986இல் கென்டக்கி டெர்பியை வென்று, அடுத்த ஆண்டு அமெரிக்காவின் தலைசிறந்த குதிரை என்று பட்டம் பெற்ற அது, 1994இல் இனப்பெருக்கத்திற்காக ஜப்பானுக்கு விற்கப்பட்டது. எதிர்பார்த்த அளவு பயன் தரவில்லை. 2002இல் அது இறைச்சிக் கூடத்துக்குச் சென்றிருக்க வேண்டும் என்ற செய்தி அடுத்த ஆண்டு வெளிவந்தபோதுதான் அதனை மறந்திருந்தவர்களும் திடுக்கிட்டனர். 2019இல் ஆஸ்திரேலியத் தொலைக்காட்சியும், 2021இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியும் பந்தயக் குதிரைகள் இறைச்சிக் கூடங்களில் கொல்லப்படும் காட்சிகளை வெளியிட்டன.

இன்று பந்தயக் குதிரையின் பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டியதில்லை. பிறந்த சில திங்களுக்குள் கழுத்துத் தசைக்குள் அரிசிமணி அளவான மின்னணுச் சில்லு ஒன்று செலுத்தப்படுகிறது. கையடக்கக் கருவியைக் கழுத்தருகே காட்டினால் அதன் பெயர், வயது, தாய் தந்தையர் அனைத்தும் தெரியும். மக்கபீயஸை ரன்னிங் ரெய்ன் என்று சொல்லி ஓட்டிய சூழ்ச்சி இனிச் செல்லாது. அதற்காகத்தான் சில்லு வந்தது. பிரிட்டனில் 2022 ஜனவரி முதல், எந்தக் குதிரையும் மனித உணவுக்காகக் கொல்லப்படமாட்டாது என்று அதன் ஆவணத்தில் முதலில் பதிந்த பிறகே பந்தயத்தில் ஓடலாம். அதனை இறைச்சிக் கூடத்தின் வாயிலுக்குக் கொண்டுவந்தால், அங்கும் முதலில் படிக்கப்படுவது கழுத்தில் உள்ள அந்தச் சில்லுதான்.